டிஸ்க்கில் வைத்த சந்தனம்

“உனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?”

வேலைக்குச் சேர்ந்த அன்று, அங்கே தட்டச்சு செய்யும் பாக்கியலட்சுமி கேட்டாள். பிரிஜட் வாயே திறக்கவில்லை. தெரியாது என்று அவர்களே முடிவுகட்டிக்கொண்டார்கள்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலிருந்து ஊருக்குப் பொட்டலம் அனுப்பும் அலுவலகம் அது. கைலி, சேலை, தைலம், மைலோ டின். ஒன்றரை வருடமாகப் பொட்டலங்களின் மேல் தமிழில் முகவரி எழுதியது பிரிஜட்தான். பள்ளியைப் பாதியில் விட்ட பெண்ணின் கையெழுத்தா இது என்று வாடிக்கையாளர்கள் வியப்பார்கள்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது.

பொட்டலத்தின் மேல் நம்பர் மட்டும் போதும் என்றானது. முகவரிகள் எல்லாம் ஒரு ஃபிளாப்பி டிஸ்க்குக்குள் போய்விட்டன. கப்பலுக்கு முந்தின நாள் அவை லேபலாக அச்சாகி வரும். பிரிஜட்டின் கையில் மிஞ்சியவை தேநீர்க் கோப்பைகள்.

“தீபாவளி கழியட்டும் பொண்ணு, உன்னையும் மெஷின்ல உக்கார வச்சிடறேன்,” என்று முதலாளி மருதப்பன் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் அவள் தினமும் வீடிருந்த தோ பாயோவில் பஸ் ஏறினாள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் திங்கட்கிழமை, மெஷின் டிஸ்க்கைப் படிக்க மறுத்தது.

பாக்கியலட்சுமி டிஸ்க்கை எடுத்து உதறினாள். ஊதினாள். மறுபடி செருகினாள். மெஷினையே அணைத்துப் போட்டாள். திரையில் அதே ஒற்றைப் பிழை வரி.

“சனிக்கிழமை டிஸ்க்கை இன்னொரு காப்பி எடுத்து வைக்கலியா?” என்று மருதப்பன் கேட்டார்.

“பூஜைக்கு எல்லாத்தையும் தொடைக்கச் சொன்னீங்களே பாஸ்.”

சர்வீஸ்காரன் வியாழக்கிழமைதான் வருவானாம். கப்பல் புதன்கிழமை. சுவரோரம் முந்நூற்றுப் பதினெட்டுப் பொட்டலங்கள், வெறும் நம்பரோடு, கூரைவரை அடுக்கியிருந்தன.

“தீபாவளித் துணி போய்ச் சேரலைன்னா நம்ம ஆளுங்க என்னை ரோட்ல நடக்க விடுவானுங்களா லா?” மருதப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

தேநீர் கொண்டுவந்த பிரிஜட் மேசைமேல் கிடந்த டிஸ்க்கைப் பார்த்தாள். கறுப்பு உறையின் நடுவில், உள்ளே இருக்கும் தகடு தெரிகிற நீள்வட்டத் திறப்பில், காய்ந்த மஞ்சள் வட்டம். அதன்மேல் குங்குமம்.

பூஜையன்று அவளை யாரும் கூப்பிடவில்லை. மாதா கோயில்காரப் பெண். ஆனால் தொலைபேசி, தராசு, தட்டச்சுப்பொறி எல்லாவற்றிலும் அதே பொட்டு இருந்தது. அகலமான கட்டைவிரலின் தடம். முதலாளியின் கட்டைவிரல்தான் அங்கே அகலம்.

“சந்தனம் ஒட்டியிருக்கு பாஸ்.”

“சாமிக்கு வச்ச சந்தனம் எப்படிக் கெடுக்கும், பொண்ணு?”

அவள் டிஸ்க்கின் காகிதப் பையைத் திருப்பிக் காட்டினாள். அந்தத் திறப்பை ஒரு விரல் தொடுகிற படம். விரலின் மேல் குறுக்குக் கோடு.

மருதப்பன் தன் கட்டைவிரலை மடக்கிக்கொண்டார்.

பிரிஜட் பிளேடை எடுத்தாள். குப்பையில் கிடந்த வளைந்த டிஸ்க் ஒன்றை முன்பே கீறி, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்து வைத்திருந்தாள்.

“ஏய், விடு. சர்வீஸ்காரன் வரட்டும்,” என்று பாக்கியலட்சுமி பதறினாள்.

“இப்ப மட்டும் உசிரோடயா இருக்கு? வெட்டட்டும்,” என்றார் மருதப்பன்.

உறையின் ஓரத்தைக் கீறியதும் பழுப்புத் தகடு நழுவி வந்தது. வெங்காயச் சருகின் கனம்கூட இல்லை. கோப்பை கழுவும் தொட்டியில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, விரல்நுனி படாமல் அலசினாள். சந்தனம் கரைந்து ஓடியது. கைக்குட்டையால் ஒற்றி, மின்விசிறியடியில் பிடித்துக் காயவைத்தாள். புது டிஸ்க் ஒன்றின் வயிற்றைக் கீறி, அதன் தகட்டை உருவிவிட்டு இதை உள்ளே இட்டாள்.

மெஷின் கரகரத்தது. நின்றது. மறுபடி கரகரத்தது.

திரை நிறையப் பெயர்கள் இறங்கின.

“கெட்டிக்காரி லா நீ!” மருதப்பன் மேசையைத் தட்டினார். “பாக்கியம், இதுல இருக்கிறது எல்லாத்தையும் இப்பவே பிரிண்ட் எடு. திரும்பவும் படுத்துக்கும்.”

“லேபல் மட்டும் போதுமே பாஸ்.”

“எல்லாத்தையும்னு சொன்னேன்ல.”

பாக்கியலட்சுமி அவரை ஒருமுறை பார்த்தாள். பிரிஜட்டைப் பார்க்கவில்லை. பட்டனை அழுத்தினாள்.

லேபல்கள் வந்துகொண்டே இருந்தன. காகிதத்தின் இருபுறமும் ஓட்டை போட்ட ஓரங்களைக் கிழித்து மடித்து வைப்பது பிரிஜட்டின் வேலை. அவள் முகத்தில் இதற்குமுன் யாரும் பார்த்திராத ஒரு சிரிப்பு இருந்தது.

கடைசி லேபலுக்குப் பிறகு தனியாக ஒரு தாள் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு கடிதம்.

“அது ஆபீஸ் லெட்டர், இங்க குடு,” என்று பாக்கியலட்சுமி கை நீட்டினாள்.

“விடு, கிழிச்சுட்டுக் குடுக்கட்டும். அவளுக்கு என்ன தெரியப் போவுது,” என்று மருதப்பன் தேநீரை உறிஞ்சினார்.

பிரிஜட் இரண்டு ஓரங்களையும் பிசிறில்லாமல் கிழித்தாள்.

பூஜைக்கு முந்தின வெள்ளிக்கிழமை தேதி. மேலே அவள் பெயர். கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் முகவரி எழுத இனி ஆள் தேவையில்லை. தீபாவளியோடு அவள் நின்றுகொள்ளலாம். கீழே, பெற்றுக்கொண்டவர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

அவள் பாக்கியலட்சுமியின் மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். அந்தக் கோட்டின் மேல் ஆங்கிலத்தில், பேனாவைத் தூக்காமல் எழுத்துகளைக் கோத்து எழுதினாள்: ‘படித்துப் புரிந்துகொண்டேன்.’ கையெழுத்துப் போட்டாள். அன்றைய தேதியைப் போட்டாள். முதலாளியின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் தாளை வைத்தாள்.

சோப்பு வாடை போகாத கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். குடையை எடுத்தாள்.

முந்நூற்றுப் பதினெட்டுப் பொட்டலங்களுக்கு நடுவே வழி பார்த்து நடந்து, சாலையில் இறங்கிப் போனாள்.