அலுமினியமா, பிளாஸ்ரிக்கா?

“மகஸினைக் கழட்டும்! கெதியா! ஆமி கிட்ட வந்திட்டான்!”

குணசேகரம் சத்தம் போட்டார். தவசீலன் துவக்கின் அடியில் செருகியிருந்ததை அவசரத்தில் பிடித்து இழுத்தான். அது கைநழுவிப் பறந்து கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

“சரி, நீர் செத்தீர்,” என்றார் குணசேகரம்.

துவக்கு என்பது மழைக்குடை. ரவைகள் அடைக்கிற மகஸின் என்பது, குடையில் றப்பர் வளையம் போட்டுச் செருகிய ரீவி ரிமோட். போர்க்களம், அகதியாய் வந்த நாட்டில் மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கம் தவசீலனும் அவன் மனைவி சுஜாந்தியும் வாடகைக்கு இருக்கிற ஒற்றை அறை.

நாளைக் காலை தவசீலனின் அகதி வழக்குக்குக் கடைசி விசாரணை. தோற்றால் பிடித்து விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அவனை மட்டுமல்ல, சுஜாந்தியையும் சேர்த்துத்தான்.

உள்ளதைச் சொன்னால், தவசீலன் பிறந்ததிலிருந்து துவக்கைத் தொட்டதே கிடையாது. வன்னியில் சண்டை நடந்தபோது கொழும்பில் தொலைபேசிக் கடையில் நின்றவன். தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அகதிக் கேஸ் எழுதிக் கொடுப்பதில் பேர்போன குணசேகரம்தான் அவனை வன்னிக்குக் கொண்டுபோய், இயக்கத்தில் பிடித்துச் சேர்த்து, கடைசிச் சண்டை வரைக்கும் காவலரணில் நிறுத்திவைத்தார். எல்லாம் கடுதாசியில்தான்! முதல் விசாரணையில் அது எடுபடவில்லை. ஆயுதம் வைத்திருந்தவன் பேசுகிற பேச்சாக இது தெரியவில்லை என்று நிராகரித்துவிட்டார்கள்.

சுஜாந்திக்கு அவர் தனியாக ஒன்றும் எழுதவில்லை. “பொம்பிளையளுக்குத் தனிக் கேஸ் என்னத்துக்கு? புருசன்ரை பிரச்சினைதான் தன்ரை பிரச்சினை எண்டு ஒட்டிவிடுவம்,” என்று வந்த புதிதிலேயே முடித்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

“இப்ப முக்கியமான கேள்வி,” குணசேகரம் நீதிபதியாகித் தொண்டையைச் செருமினார். “உம்மடை மகஸின் அலுமினியமோ, பிளாஸ்ரிக்கோ? எதை நம்பலாம்?”

“அலுமினியம், அண்ணை.”

“ஏன்?”

“அது உலோகம். பலம். பிளாஸ்ரிக் எண்டால் வாளி மாதிரி வெடிச்சுப்போம்.”

“அப்பிடிப் போடும்! உதைத்தான் நானும் வீடியோவிலை பாத்தனான். இதைச் சொன்னீரெண்டால் நீதிபதி வாயடைச்சுப்போவார்.”

அடுப்படியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த சுஜாந்தியின் கத்தி சட்டென்று நின்றது.

“காணும், அண்ணை. உந்தத் துவக்குக் கதையை நிப்பாட்டுங்கோ.” அவளுக்கு முகம் வெளிறிப்போயிருந்தது.

தவசீலனுக்குப் பாவமாய் இருந்தது. படத்தில் வெடிச்சத்தம் வந்தாலே எழும்பிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறவள் அவள். இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியைக் கூட்டிக்கொண்டு வந்து என்ன பாடு படுத்துகிறேன் என்று நொந்துகொண்டான்.

“பயப்பிடாதையும் பிள்ளை, இது குடை. சுடாது!” குணசேகரம் விழுந்து விழுந்து சிரித்தார்.

சுஜாந்தி சிரிக்கவில்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில் கிடந்த ரிமோட்டை எடுத்தாள். கழன்றிருந்த பற்றரிகளைப் போட்டு, முழங்காலில் ‘டக் டக்’ என்று தட்டி, ரீவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாள். எதற்குள் எதைப் போட்டாலும் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டாவிட்டால் அவளுக்கு மனம் ஆறாது.

குணசேகரத்துக்குக் குறிப்புப் புரிந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு எழும்பினார். “ரூ பஜோல் தெருக் கோயில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொள்ளும் தம்பி. அலுமினியம், மறந்திடாதையும்!”

கதவு சாத்தியதுதான் தாமதம், தவசீலன் கட்டிலில் தொப்பென்று இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த அழுகை வெடித்துக்கொண்டு வந்தது.

“என்னாலை ஏலாது, சுஜா. நாளைக்கு அவங்கள் கேக்கேக்கை எனக்கு வாய் ஒட்டிப்போம். பொய் எண்டு மூஞ்சியிலையே எழுதியிருக்கு. எங்கடை கதை முடிஞ்சுது.”

அவள் அடுப்பை அணைத்தாள்.

“நீயெண்டாலும் தப்புவாய்,” அவன் மூக்கை உறிஞ்சினான். “அங்கை திருப்பி அனுப்பினாலும் உன்னை ஆர் தேடப்போறான்? நீ அகதி முகாமிலை இருந்து வந்த ஒரு அப்பாவி.”

சுஜாந்தி ரீவியை நிறுத்தினாள். குடையை எடுத்து நெஞ்சோடு அணைத்தாள். மற்றக் கையால் ரிமோட்டை முழங்காலில் ‘டக் டக்’ என்று தட்டினாள். செருகினாள், கழட்டினாள், திரும்பச் செருகினாள். அவன் கண்ணை இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் ஒரு தரமும் கையைப் பார்க்கவில்லை. பார்வை முழுக்க ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

“நாளைக்கு அலுமினியம் நல்லமெண்டு சொல்லிப்போடாதேங்கோ,” என்றாள். குரல் நடுங்கவேயில்லை. “அது ஒருக்காக் கீழை விழுந்தால் காணும், வாய் வளைஞ்சுபோம். பிறகு உள்ளை இருக்கிற ரவுண்ஸ் சரிஞ்சு சிக்கி நிக்கும். பிளாஸ்ரிக் அப்பிடி வளையாது.”

தவசீலன் அழுகையை மறந்து அவளை அண்ணாந்து பார்த்தான்.

“நீயும்... நீயும் வீடியோ பாத்தனியே?”

சுஜாந்தி குடையை மெதுவாகக் கட்டிலில் கிடத்தினாள்.

“அண்டைக்குச் சண்டையிலை என்ரை மகஸின் வளைஞ்சபடியாத்தானப்பா நான் ஆமியிட்டை உயிரோடை பிடிபட்டனான்.”