காபர்னேயின் பக்கத்துப் புட்டி

ஒரு கிடங்கில் இரண்டு சிவப்பு ஒயின் புட்டிகள் அருகருகே படுத்திருந்தன. ஒன்று காபர்னே என்ற திராட்சையில் செய்தது, மற்றது மெர்லோ என்ற திராட்சையில். மெர்லோ வந்த நாளிலிருந்தே காபர்னேக்கு அதன்மேல் ஒரு சந்தேகக் கண்.

"உன் லேபிள்ல பிளம் பழ ருசி, செர்ரி ருசி, கடைசியில சாக்லேட் வாசம்னு எழுதியிருக்கே, இதெல்லாம் எப்போ போட்டாங்க?" என்று கேட்டது.

"எதுவும் போடலைண்ணே. நானும் வெறும் திராட்சைதான்," என்றது மெர்லோ. "என் தோல் கொஞ்சம் மெல்லிசு. அதனால துவர்ப்பு கம்மி."

"போடாத பழம் எப்படி ருசிக்கும்? என்னைப் பாரு, முதல் மடக்குலயே குடிக்கிறவங்க முகம் சுளிக்கும். ஒளிவுமறைவே கிடையாது. இவ்வளவு கேட்டும் உனக்குக் கோபம் வரலையே, மனசுல என்னதான் வெச்சிருக்கே?"

மெர்லோ பேசாமல் இருந்தது. அதையும் காபர்னே குறித்துக்கொண்டது. கீழ்த்தட்டுப் புட்டிகளிடம், "அவன்கிட்ட ஜாக்கிரதை" என்று சொல்லிவைத்தது. அன்று முதல் அவை மெர்லோவோடு பேசுவதில்லை.

காபர்னேயின் கழுத்தில் இருந்த தக்கைக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, உங்களைப் புட்டியில அடைச்சப்போ நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். நீங்க ரொம்பத் துவர்க்குறீங்கன்னு, கால் பங்கு மெர்லோவைக் கலந்துதான் நிரப்பினாங்க. உங்களுக்குள்ள இருக்கிறதும் அவன்தான்."

காபர்னே கீழ்த்தட்டுவரை கேட்கும்படி கத்தியது.

"பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல? உள்ளேயே புகுந்துட்டான்!"