ஜன்னலில்லாத அறையில் முப்பது வருடம்

“உந்தக் கிழவர் தான்தான் அந்த இங்கிலீஷ் நடிகர் எண்டு சொல்லுறார். நீயும் அதை நம்பி வெளிக்கிடுத்திப்போட்டு நிக்கிறாய்,” என்றான் கிறிகோரி.

“நம்பேல்லை. ஆனா ரெண்டு நாளா மனிசன் ஒண்டும் சாப்பிடேல்லை,” என்றாள் செலஸ்ரீனா, சிஞ்ஞோர் கலோஜெரோவின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபடி. சக்கர நாற்காலியில் இருந்த கிழவருக்குத் தமிழ் தெரியாது. புது மாப்பிள்ளை மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், லிபெர்த்தா வீதியில் மூன்றாம் மாடி வீடு அது. எண்பது வயதுக் கலோஜெரோவைப் பார்த்துக்கொள்வதுதான் நாலு வருடமாக அவளுடைய வேலை. அந்த வேலையைக் காட்டித்தான் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பித்து வந்தாள். நாற்காலியைக் கீழே இறக்க, அடுத்த தெரு வீடொன்றில் வேலை செய்யும் கணவன் கிறிகோரியை அழைத்திருந்தாள்.

எட்மண்ட் ஹார்க்ரீவ் என்றால் கிழவருக்கு உயிர். அந்த நடிகர் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தது, பதினைந்து வயதில் ஈட்டி பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் மேடையில் நின்றது, லண்டன் நாடகங்களில் அரசனானது, பிறகு முப்பத்தொரு படங்களில் நடித்தது எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தொலைக்காட்சியில் ஹார்க்ரீவின் படம் ஓடினால், “அந்தக் கப்பல் தலைவன் நான்தான். ஒன்பது படங்களில் செத்திருக்கிறேன்,” என்று தொடங்கிவிடுவார்.

திரையில் நிற்பவனுக்கோ நீலக் கண், ஆறடி உயரம். இவர் அவன் தோளுக்குக்கூட வரமாட்டார். செலஸ்ரீனா “ஸீ, ஸீ” என்று ஆமாம் போட்டுக்கொண்டே சூப்பை ஊட்டிவிடுவாள். ரோமில் ஜன்னலே இல்லாத இருட்டறையில் முப்பது வருடம் இருந்ததாகவும் ஒருநாள் சொன்னார். சிறையாக்கும் என்று நினைத்து அவள் மேற்கொண்டு துருவவில்லை. பாவம், இந்த வயதில் எதற்குக் கிளறுவது?

இன்று அந்த ஹார்க்ரீவே பலெர்மோவுக்கு வந்திருந்தார். மாலை நாலு மணிக்கு ஒரு பழைய திரையரங்கில் அவருக்கு விருது கொடுக்கிறார்கள். கிழவரின் மகள் ரொசாலியா இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு அழைப்பு வரவில்லை, போனால் அவமானப்பட்டுத்தான் திரும்புவார், அவருடைய இதயம் தாங்காது, கூட்டிப்போனால் உனக்கு இந்த வீட்டில் வேலை இல்லை. அன்றிலிருந்து கிழவர் சாப்பாட்டைத் தொடவில்லை.

“வேலை போனா பெர்மெஸ்ஸோவும் போகும். யோசிச்சனியே?” என்று கேட்டான் கிறிகோரி.

“யோசிச்சன். நீங்கள் அந்தப் பக்கத்தைத் தூக்குங்கோ.”

அரங்கில் கடைசி வரிசையோரம் நாற்காலியை நிறுத்தினாள். விருதை வாங்கிய ஹார்க்ரீவ் ஆங்கிலத்தில் பேசினார். ஒரு பெண் அதை இத்தாலியனில் மொழிபெயர்த்தாள். சனம் மரியாதைக்குக் கைதட்டிவிட்டு நெளிந்தது. பக்கத்துச் சிஞ்ஞோரா மேடையைப் பார்த்து, இவரா அவர் என்று உதட்டைப் பிதுக்கினாள்.

அப்போதுதான் கலோஜெரோ முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

செலஸ்ரீனா அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தாள். அதே நேரம் வாசலில் ரொசாலியா. வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறாள். அகதி விண்ணப்பம் தொடங்கிப் பெர்மெஸ்ஸோ வரை ஏறி இறங்கிய அலுவலகப் படிகளெல்லாம் செலஸ்ரீனாவின் கண்ணுக்குள் வந்தன.

கிழவர் மேடையைப் பார்த்து, படத்தில் அந்தக் கப்பல் தலைவன் பேசும் வசனத்தை இத்தாலியனில் கணீரென்று சொன்னார்:

“கப்பலைக் கொண்டுபோங்கள். கடலை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள்.”

அத்தனை தலைகளும் திரும்பின. பிறகு அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. உதட்டைப் பிதுக்கிய சிஞ்ஞோரா ஓடிவந்து கிழவரின் கையில் முத்தமிட்டாள். ரொசாலியா வந்து சேர்ந்தபோது அவள் முகமெல்லாம் கண்ணீர். செலஸ்ரீனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கும் நேரத்துக்கு வந்துவிடு என்று மட்டும் சொன்னாள். செலஸ்ரீனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது, ஆனால் நடந்தது எதுவும் விளங்கவில்லை.

ஹார்க்ரீவ் மேடையிலிருந்து இறங்கி வந்தார். கிழவரை இறுக்கிக் கட்டிப்பிடித்து, விருதை அவருடைய கைகளில் வைத்துவிட்டு மைக்கைக் கேட்டு வாங்கினார். அவர் சொல்லச்சொல்ல அந்தப் பெண் மொழிபெயர்த்தாள்:

“என்னுடைய குரலை இந்த நாட்டில் இன்றுதான் கேட்கிறீர்கள். முப்பத்தொரு படங்களிலும் நான் வாயசைத்தேன். ரோமில் ஓர் ஒலிப்பதிவு அறைக்குள் நின்று உங்களோடு இத்தாலியனில் பேசியது இவர்தான்.”