எது சத்தம் கம்மி

வந்தவர் விலையைக் கேட்கவில்லை. மந்திரமூர்த்திக்கு முதல் உறுத்தல் அதுதான்.

காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் மெஷின் இரண்டு மந்திரமூர்த்தியின் பழைய கப்பல் சாமான் கடையில் கிடந்தன. ஏதோ கப்பலின் தச்சுப்பட்டறையில் கழித்துப் போட்டவை. பெரியது இரண்டு அங்குல ஆணியைக்கூட இறக்கும். மற்றது கைக்கு அடக்கமானது. குண்டூசி போல மெலிந்த, தலையில்லாத ஆணிகளை மட்டும் அடிக்கும்.

எட்டு மாதமாக யாரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. வந்தவர் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதுல எது சத்தம் கம்மி, அண்ணாச்சி?"

தச்சர்கள் என்ன கேட்பார்கள் என்று மந்திரமூர்த்திக்குத் தெரியும். தேக்கில் இறங்குமா, ஓரத்தில் அடிக்கும் மெல்லிய பீடிங் பட்டை பிளக்குமா, ஆணி இந்த ஊரில் கிடைக்குமா. சத்தத்தைப் பற்றி எவரும் கேட்டதில்லை.

காலமும் சரியில்லை. எமர்ஜென்சி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. போன மாதம்தான், கப்பல் சாமானுக்கு ரசீது இல்லையென்று எதிர்க் கடைக்காரரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மந்திரமூர்த்தியிடம் ரசீது இருந்தது. இருந்தும் புது முகம் எதைப் பார்த்தாலும் ரசீதுக் கட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

பக்கத்து டயர் கடை கம்ப்ரஸரிலிருந்து ரப்பர் குழாயை இழுத்து மாட்டினார். பெரிய மெஷினைப் பலகையில் ஊன்றி விசையை அழுத்தினார். பட்டாசு வெடித்த மாதிரி இருந்தது.

வந்தவர் தலையசைத்து வேண்டாம் என்றார்.

சின்னதை மாட்டி அழுத்தினார். டக்.

"நான் அங்கன போய் நிக்கேன். நீங்க ஒரு பத்து ஆணி அடிங்க."

சாலையைக் கடந்து, உப்பு லாரிக்கு அந்தப் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்றார். மந்திரமூர்த்தி அடித்தார். அவர் திரும்பி வந்து, தோள் துண்டை எடுத்து, மெஷினில் காற்று வெளியேறும் இடத்தில் தளர்வாகச் சுற்றினார். மறுபடியும் போய் நின்றார்.

திரும்பி வந்ததும் அடுத்த கேள்வி.

"கம்ப்ரஸர் ஓடிக்கிட்டே இருக்கணுமா?"

"டேங்க் நெறஞ்சா மோட்டார நிப்பாட்டிரலாம். அதுக்கப்புறம் அம்பது ஆணி தாராளமா அடிக்கும்."

"அப்ப மோட்டார வேற எங்கனயாவது ஓட்டி டேங்க நெறச்சு, தூக்கிட்டு வந்துரலாம்."

அதைத் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

மந்திரமூர்த்திக்கு இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது. கள்ளச் சரக்கு, ஊருக்குத் தெரியாமல் ஆணி அடித்து மூடும் பெட்டிகள். இவன் பிடிபட்டால், மெஷின் எந்தக் கடையில் வாங்கியது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். இல்லையென்றால், தன்னை வேவு பார்க்கவே வந்த ஆளாக இருக்க வேண்டும்.

மெஷினைக் கழற்றி மேசைக்கு அடியில் வைத்துவிட்டார்.

"என்ன வேலைக்கு?"

"பெட்டி வேலை."

"என்ன பெட்டி?"

வந்தவர் மேசைக்கு அடியில் போன மெஷினையே பார்த்தார்.

"யாரு காதுல விழக்கூடாதுன்னு பாக்கீரு?" மரியாதை ஒரு படி இறங்கியிருந்தது.

"என் வீட்டுக்காரி காதுல."

அவர் பெயர் கிருபாநிதி. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சவப்பெட்டி செய்கிறவர். மனைவி ஞானதீபம் பதினெட்டு வருஷமாகக் கூடவே இருந்து பீடிங் பிடித்துக் கொடுத்தவள். ஆறு வாரமாகப் பெண்கள் வார்டில் கிடக்கிறாள். அவள் கட்டிலுக்கு மேலே ஜன்னல். ஜன்னலுக்கு நேரே பட்டறை.

"சுத்தியல் சத்தத்த எண்ணியே பெரிய பெட்டியா சின்னப் பெட்டியான்னு கண்டுபிடிச்சிருவா. போன வாரம் கஞ்சி கொண்டு போறேன், யாரு வீட்டுப் பிள்ளை போயிட்டுன்னு கேக்கா."

மேசை விளிம்பில் நகத்தால் எதையோ சுரண்டினார்.

"ஒரு வாரம்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவளுக்கு நான்தான் செய்யணும். பலகையெல்லாம் ஸ்குரூ வச்சு முடுக்கிருவேன், சத்தம் வராது. பீடிங்குக்கு மட்டும் ஆணி வேணும். மூணு வரிசை. வேற எங்கனயும் போய்ச் செய்யவும் முடியாது, அவ கூப்பிட்டா ஓடணும். வேற ஆளில்ல."

மந்திரமூர்த்தி குனிந்து மெஷினை எடுத்தார். ஆணி டப்பாக்கள் இரண்டையும் எடுத்து வைத்தார். குழாயைச் சுருட்டிக் கட்டுவதற்கு நெடுநேரம் ஆனது.

"டயர் கடையில சின்ன டேங்க் ஒண்ணு சும்மா கெடக்கு. காலையில நானே நெறச்சுக் கொண்டாந்து தாரேன். நீங்க எதுக்கும் அலைய வேண்டாம்."

அடுத்த இரண்டு நாளும் டேங்கை நிறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். வார்டு ஜன்னல் பக்கம் பார்க்காமலே திரும்பினார்.

பன்னிரண்டாம் நாள் கிருபாநிதி மெஷினைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். சட்டையில் கறுப்புத் துணி குத்தியிருந்தது. மந்திரமூர்த்தி ஸ்டூலை இழுத்துப் போட்டார். கிருபாநிதி தானாகவே சொன்னார்.

பீடிங் முடிந்த அன்று சாயங்காலம் கஞ்சி கொண்டுபோனபோது ஞானதீபம் சலித்துக்கொண்டாளாம்.

"எவனோ ரெண்டு நாளா டக்கு டக்குன்னு என்னத்தையோ தட்டிக்கிட்டே கெடக்கான், தூங்கவிடாம. ஒங்களுக்குத்தான் வேலையே வரல போல."

"இல்லளா. யாரும் வரல."

"நல்லதுதான். ஊர்ல யாரும் சாகல," என்றாளாம். அன்றைக்குத்தான் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தாளாம்.