எறும்பு ஜோசியம்

"உண்ணாமலை, என்னை எரிக்க அந்தப் புளியமரத்தை மட்டும் வெட்டிராத. காய்க்கிற மரம்."

"சரிங்க. பாகக்காயைத் தின்னுட்டுப் பேசுங்க."

ஆவுடையப்பனுக்கு வயது நாற்பத்தேழு. உட்கார்ந்த இடத்தில் பதினைந்து அதிரசத்தை முடிக்கிற மனிதர், ஆடி பிறந்ததிலிருந்து இனிப்பைத் தொடாமல் சாகத் தயாராகிக்கொண்டிருந்தார். வைக்கோல் போருக்குப் பின்னால் அவர் சிறுநீர் கழிக்கும் இடத்தில் எறும்பு மொய்த்தது. எறும்பு மொய்த்தால் நீரிழிவு என்பது குடுமியான்மலை வட்டாரத்தில் குழந்தைக்கும் தெரியும். அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் அதே வியாதியில் ஐம்பதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தவர்கள். பயம் வராமல் என்ன செய்யும்?

"மணமேல்குடிப் பக்கம் எம்பது வயசுக் கெழவன் வலை இழுக்குறான். நம்ம சமஸ்தானத்து ஆம்பளைகளுக்குத்தான் இந்தத் தலையெழுத்து. பொம்பளைக ஒங்களுக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கீங்க!"

"எங்க அக்கா முப்பத்தெட்டுல போனாளே?"

"அது முனி அடிச்சுப் போனது. கணக்குல வராது."

உண்ணாமலை இன்னொரு சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்தாள்.

மறுநாள் விடியலில் பாகற்காய் வயிற்றைக் கலக்க, வழக்கத்துக்கு முன்பே எழுந்துபோனார் ஆவுடையப்பன். வைக்கோல் போருக்குப் பின்னால் உண்ணாமலை சொம்பைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிடுங்கி நக்கிப் பார்த்தார். வெல்லத் தண்ணீர்!

"அடிப்பாவி! பாடைக்கு மூங்கில்கூடப் பார்த்துவச்சுட்டேனே!"

"பின்னே? சொன்னாக் கேக்குற ஆளா நீங்க? ஒங்க அப்பாரு மாதிரி அதிரசத்தோடயே போயிருவீங்களோன்னு பயந்தே செத்தேன். இப்பப் பாருங்க, தொப்பை கரைஞ்சு எளந்தாரியாட்டம் இருக்கீங்க."

கோபம் எங்கே வந்தது? சாவு தள்ளிப்போன சந்தோஷத்தில் அவருக்குச் சிரிப்புத்தான் பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"கெட்டிக்காரிதான் நீ. ஆனா வெல்லத்தை இப்படியா வீணாக்குறது? எனக்கு இங்கிட்டு ஊத்துனது சரி. வேலிக்கு அங்கிட்டு, நீ ஒதுங்குற எடத்துல எதுக்குப் புள்ள ஊத்துன? நேத்துக் கெடாவைத் தேடிப் போனப்பப் பார்த்தேன். அங்கதான் எறும்பு இதைவிடக் கூட்டம்."

உண்ணாமலையின் சிரிப்பு நின்றது.

"அங்கிட்டு நான் ஊத்தலையேங்க."