பதினான்காவது வீடு

பதினான்காவது வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை.

"கடவுள் நம்மளைச் சோதிக்கிறார் டீச்சர். அதுவும் முழங்காலாப் பார்த்துச் சோதிக்கிறார்" என்றார் கூட வந்த தபால்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் தேவாலயப் பங்கில் அவருக்கு அதுதான் பெயர்.

டீச்சருக்குச் சிரிக்க மூச்சில்லை.

கோயிலுக்கு வராமல் நின்றுபோனவர்களை வீடு தேடிப் போய் மறுபடி அழைத்து வரும் குழுவுக்கு அவர்தான் தலைவி. பங்குத்தந்தை கொடுத்த பட்டியலில் இதுதான் கடைசிப் பெயர். இதுவரை ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று வீட்டில் கதவே திறக்கவில்லை. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிடாததுதான் பாக்கி.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை என்று பட்டியலில் இருந்தது. அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தாள் போல. அவளுக்கு முன்னால் பிளீச்சிங் வாடை வந்து நின்றது. விரல் நுனிகள் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"கோயில்லேருந்து வர்றோம்மா."

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

நாற்காலியில் குவிந்திருந்த துணியை ஒரேயடியாக அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு டீச்சரை உட்கார வைத்தாள். தபால்காரருக்கு முக்காலி. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி நின்றாள்.

டீச்சர் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஆரம்பித்தார். யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை. கோயில் கதவு யாருக்கும் சாத்தியதில்லை. பதினொரு வருடம் என்பது கடவுளுக்கு ஒரு கணக்கே இல்லை.

பதினொரு வருடம் என்றதும் அவள் கை துடைப்பதை நிறுத்தினாள்.

எல்லா வீட்டிலும் இந்த இடத்தில் தலை குனிவார்கள். டீச்சர் கனிவாகப் புன்னகைத்துப் படிவத்தை எடுத்தார். வராமல் போனதற்குக் காரணம்: வேலை, உடல்நலம், மனவருத்தம், வேறு.

"பதினொரு வருஷம்னு யாரு சொன்னது?"

டீச்சர் பட்டியலைக் காட்டினார். வீடுகளில் நடக்கும் பகுதி ஜெபக்கூட்டத்துப் பதிவேட்டிலிருந்து எடுத்தது. அவள் பெயருக்கு நேரே இரண்டே வரி. கணவர் பிரிந்து சென்றுவிட்டார். இவர் வருவதில்லை.

அந்த இரண்டு வரியையும் அவள் நிதானமாகப் படித்தாள். திரும்ப ஒருமுறை படித்தாள்.

"ஜெபக்கூட்டத்துக்குத்தான் வரலை டீச்சர். அவரு போனதுக்கப்புறம் என்னை யாரும் கூப்பிடலை. பூசைக்கு வராம இருந்ததில்லையே. ஆறு மணிப் பூசை. உங்களுக்கு நேர் பின் பெஞ்சு."

தபால்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

டீச்சர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். மாதத்தின் முதல் ஞாயிறு அவர்தான் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று முதல் வாசகம் வாசிப்பார். மொத்தக் கோயிலும் எதிரே தெரியும். நினைவில் எவ்வளவு துழாவியும் இந்த முகம் அகப்படவில்லை.

"ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லிக்குங்கன்னு ஃபாதர் சொன்னதும் வலது பக்கம் திரும்பிக் கை குடுப்பீங்க. அப்புறம் இடது பக்கம். பின்னாடி திரும்ப மாட்டீங்க." அவள் குரலில் குறையே இல்லை. வழி கேட்டவர்களுக்கு வழி சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "உங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன்னு போன வருஷம் அழுதீங்களே, அன்னைக்கு முதுகைத் தடவிக் குடுத்தேன். தேங்க்ஸ்னு சொன்னீங்க."

அந்தக் கை டீச்சருக்கு நன்றாக நினைவிருந்தது. அழுத முகத்தோடு திரும்பக் கூச்சப்பட்டு, பின்னால் இருந்த வக்கீல் மனைவியின் கை என்று தானாகவே முடிவு செய்திருந்தார். அந்த வாரமே ஒரு கூடை பழத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போய் நன்றியும் சொன்னார். வக்கீல் மனைவி, "ஐயோ, இதெல்லாம் எதுக்குங்க" என்று கூடையை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

மன்னிச்சிடும்மா என்று ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. தபால்காரர் பக்கத்தில் இருந்தார்.

"ரொம்ப சந்தோஷம். அப்ப ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்" என்று எழுந்தார் டீச்சர்.

அவள் வாசல் வரை வந்தாள். இவர்கள் படியில் கால் வைத்த பிறகுதான் பேசினாள்.

"வந்துக்கிட்டிருக்கேன்னு நான்தான் நினைச்சுக்கிட்டிருந்திருக்கேன் போல, டீச்சர்."

கதவு சத்தமில்லாமல் மூடியது.

"இதை எந்தக் கட்டத்துல போடுறது?" என்றார் தபால்காரர், இரண்டாம் மாடியில். டீச்சர் படிவத்தைச் சுவரில் வைத்து அழுத்தி, 'மீண்டும் வர இசைந்தார்' என்ற இடத்தில் டிக் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை, சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று பங்குத்தந்தை சொன்னதும் டீச்சர் வலது பக்கம் திரும்பவில்லை. இடது பக்கமும் திரும்பவில்லை. நேராகப் பின்னால் திரும்பினார்.

வக்கீல் மனைவி இருந்தார். அவருக்குப் பக்கத்தில், ஓர் ஆள் உட்காரும் இடத்தில், அவருடைய கைப்பை இருந்தது. டீச்சர் தன்னைத்தான் தேடித் திரும்பினார் என்று பூரித்துப்போய், வக்கீல் மனைவி இரண்டு கையையும் நீட்டினார்.

பூசை முடிவில் பங்குத்தந்தை ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டு அறிவித்தார். குழுவின் உழைப்பால் இந்த வாரம் ஏழு பேர் நம் பங்குக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். ஏழு பெயரையும் வாசித்தார். ஏழாவது அவள் பெயர். எல்லோரும் கைதட்டி அவர்களை வரவேற்போம் என்றார்.

கோயில் அதிர்ந்தது.

டீச்சரும் தட்டினார்.