மூன்றாம் வகுப்புக் கதவு

"டீச்சர், பிள்ளைங்களை உள்ள வெச்சுப் பூட்டிட்டு என்ன பண்றீங்க?"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார் தலைமையாசிரியை. பக்கத்தில், மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக வந்திருந்த ஓர் அம்மா.

உள்ளே மூன்றாம் வகுப்பு, இருபத்திரண்டு பேர். கரும்பலகையில் கொட்டை எழுத்தில், 'இன்றைய கணக்கு: இந்த அறையிலிருந்து வெளியே போவது எப்படி?'

"பாடம் நடக்குது மேடம்" என்றாள் டீச்சர்.

"இது என்ன பாடம்? சாவியைக் கொடுங்க."

"நீங்க உதவி பண்ணக் கூடாது மேடம்" என்று ஒரு வாண்டு குறுக்கே வந்தான். "நாங்களேதான் கண்டுபிடிக்கணும்."

அந்த அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நம்பி அனுப்பினா, அடைச்சு வெச்சு வேடிக்கை காட்டறாங்க. நான் எழுதியே கொடுக்கறேன் மேடம், இவங்க மேல நடவடிக்கை எடுங்க."

உள்ளே யார் காதிலும் அது விழவில்லை.

"ஜன்னல் வழியா போகலாம்."

"கம்பி இருக்கு. தலை நுழையாது."

"பென்சில் நுழையும்."

"பென்சில் மட்டும் வெளிய போய் என்ன பண்ணும்?"

ஒரே சிரிப்பு. டீச்சர் மட்டும் சிரிக்காமல், ஒவ்வொரு யோசனையையும் போர்டில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தாள்.

எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்டு 'கேள்விப்பெட்டி' என்று பேர் வாங்கிய சிறுமி, கதவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், பூட்டு இருக்கிற பக்கம்தானே திறக்கல? கீல் இருக்கிற பக்கம் திறந்தா என்ன?"

அடுத்த நொடி, கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சத்தம்.

"கீலுக்குள்ள கம்பி சொருகியிருக்கு. கீழேருந்து தட்டினா மேல வந்துடும்."

"துரு பிடிச்சிருக்கே. எண்ணெய் வேணும். மேடம், எண்ணெயும் சுத்தியலும் கொடுங்க."

"உதவி பண்ணக் கூடாதுன்னு சொன்னீங்க?"

"இது உதவி இல்ல மேடம், சாமான்."

வாட்ச்மேன் ஓடிப்போய்க் கொண்டுவந்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டினார். டீச்சர் எல்லோரையும் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டுத் தட்ட ஆரம்பித்தாள். தலைமையாசிரியை எக்கி எக்கிப் பார்த்தார்.

"மேல் கீலைக் கடைசியா எடுங்க, இல்லைன்னா கதவு சாயும்" என்றாள் அந்த அம்மா, தன்னை மறந்து.

கடைசிக் கம்பி கழன்றது. வெளியிலிருந்து வாட்ச்மேன் நெம்ப, உள்ளே டீச்சர் தாங்கிப் பிடிக்க, கதவு சுவரோரம் சாய்ந்தது. இருபத்திரண்டு பேரும் ஜெயித்த கட்சி மாதிரி வராண்டாவில் ஓடினார்கள்.

"நாளைக்கும் பூட்டுங்க டீச்சர்" என்றான் வாண்டு.

"அம்மா, கீலைச் சொன்னது நான்தான்" என்று வந்து காலைக் கட்டிக்கொண்டாள் கேள்விப்பெட்டி.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. ஆனாலும் போகும்போது, "பூட்டினது தப்புதான் மேடம், விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டே போனாள்.

தன் அறைக்குள் டீச்சரைக் கூப்பிட்டு, மெமோ எழுதக் காகிதத்தை எடுத்தார் தலைமையாசிரியை.

"பிள்ளைங்க கெட்டிக்காரங்க, ஒத்துக்கறேன். ஆனா என்னைக் கேக்காம எப்படிப் பூட்டலாம்?"

டீச்சர் வெளியே எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் குழந்தைகள் யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் பூட்டல மேடம். காத்துல கதவு அடிச்சு, பூட்டு நிஜமாவே மாட்டிக்கிச்சு, சாவிக்கும் திறக்கல. ஒரு பிள்ளை அழ ஆரம்பிச்சா. மத்தவங்களும் பயந்து அழறதுக்குள்ள, அதையே கணக்குன்னு போர்டுல எழுதிட்டேன்."